‘அது எங்கே இருக்கு?’ என்ற கேள்வி குறைய: வீட்டை ஒழுங்குபடுத்தத் தொடங்குபவர்களுக்கு

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அறுவைச் சிகிச்சைக்காக ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தேன். அந்த ஐந்து நாளும் வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. “அம்மா, என் அளவுகோல் எங்கே?” “மீட்டர் பெட்டிச் சாவி எங்கே?” “காப்பீட்டு அட்டை எந்தப் பையில இருக்கு?” கடைசிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. ஒரு மாலை முழுக்கத் தேடி, பழைய பள்ளி நோட்டுகள் வைத்த பைக்குள்ளிருந்து அதை எடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் சோம்பேறி இல்லை. எல்லாரும் வேலை செய்வார்கள். ஆனால் எது எங்கே இருக்கிறது, எதற்கு எப்போது பணம் கட்ட வேண்டும், எந்த மருந்து தீரப்போகிறது என்ற விவரமெல்லாம் என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அங்கேயும் பாதிதான் இருந்தது. வீடு திரும்பியதும் அந்த விவரத்தையெல்லாம் தலையிலிருந்து இறக்கி வைக்கும் வேலையைத் தொடங்கினேன். பல இடங்களில் தவறினேன், சிலவற்றை இரண்டு முறை செய்தேன். புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர்களும், பல வருடமாகத் தேடிக்கொண்டே இருப்பவர்களும் அந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் கணக்கு இது. மொத்தம் மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் 15 முதல் 20 நிமிடம் போதும். ஆவணங்களுக்கு மட்டும் மூன்று மாலைகள் தனியாக வேண்டும். வாங்க வேண்டியவை ஒரு தடித்த ஃபைல், காகித உறைகள், ஒட்டுத்தாள், ஒரு மார்க்கர் பேனா. அவ்வளவுதான். கூடை, டப்பா, இழுப்பறைப் பெட்டி என்று எதையும் இப்போது வாங்காதீர்கள். நான் முதலில் செய்த தப்பே அதுதான். ஏழெட்டு பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கிவந்து, வேண்டாத பொருள்களையெல்லாம் அதற்குள் அழகாக அடுக்கி மூடிவிட்டேன். பெட்டி வந்த பிறகு தேடுவதற்கு இன்னும் ஒரு மூடி கூடியது.

1. முதல் ஏழு நாள்: எதையும் அடுக்காதீர்கள், எழுதுங்கள்

ஒரு தாளையும் பேனாவையும் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். வீட்டில் யார் எதைத் தேடினாலும் மூன்று விஷயம் எழுதவேண்டும்: என்ன தேடினோம், எங்கே தேடினோம், கடைசியில் எங்கே கிடைத்தது.

ஏழாம் நாள் அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள். எங்கள் தாளில் சாவி ஒன்பது முறை வந்திருந்தது, சார்ஜர் ஆறு முறை, கத்தரிக்கோல் ஐந்து முறை. நான் அலட்டிக்கொண்டிருந்த துணி அலமாரி ஒரு முறைகூட வரவில்லை. அப்படியானால் அலமாரி அலங்கோலமாக இருந்தாலும் நம் நேரத்தைத் தின்னவில்லை, அது கடைசியில் வரட்டும். எங்கே தொடங்குவது என்று யாரிடமும் கேட்க வேண்டாம். அந்தத் தாளே சொல்லிவிடும்.

‘எங்கே தேடினோம்’ என்ற பகுதியைக் கவனமாகப் பாருங்கள். கத்தரிக்கோலை எல்லாரும் முதலில் சமையலறையில் தேடினால், அதன் இடம் சமையலறைதான். நமக்கு அழகாகத் தோன்றும் இடத்தில் வைத்தால் இரண்டாவது நாளே அது இடம் மாறிவிடும்.

2. வாசல் பக்கத்தில் ஓர் இடம்

சாவி, பர்ஸ், கண்ணாடி, கையில் வரும் கடிதங்கள் ஆகியவற்றை உள்ளே நுழைந்து நாலு அடிக்குள் வைக்க ஓர் இடம் வேண்டும். சுவரில் ஒரு கொக்கி, அதன் கீழே ஒரு தட்டு போதும். தட்டு சிறியதாக இருக்கட்டும். பெரிய தட்டு வைத்தால் பத்தே நாளில் அது குப்பைத் தொட்டியாகிவிடும்.

மறுநாள் வெளியே எடுத்துப்போக வேண்டியவற்றை முந்தைய இரவே அதே இடத்தில் வைத்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகம், தபாலில் போட வேண்டிய உறை எல்லாம் அங்கேதான். காலையில் நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் மிஞ்சக் கூடாது.

3. ஆவணங்கள்: மூன்று மாலைகள்

இந்தப் பகுதியை யாரும் விரும்பித் தொடங்குவதில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை ஒன்றை மட்டும் செய்தாலும் பலன் உண்டு. ஓர் ஆவணம் தொலைந்தால் நகல் வாங்க மனு, கட்டணம், வாரக்கணக்கில் அலைச்சல் எல்லாம் சேர்ந்துவிடும்.

முதல் மாலை, வீட்டிலுள்ள எல்லாத் தாள்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டுங்கள். இழுப்பறை, கைப்பை, மெத்தைக்கு அடியில், புத்தகத்துக்குள் செருகியது எதையும் விடாதீர்கள். அன்று பிரிக்க மட்டும்தான் வேண்டும். நான் ஐந்து குவியலாகப் பிரித்தேன்.

ஆளைச் சேர்ந்தவை: பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட், அடையாள அட்டைகள், கல்விச் சான்றிதழ்கள். ஒவ்வொருவருக்கும் தனி உறை.

வீட்டைச் சேர்ந்தவை: பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வரி ரசீது, மின் இணைப்புத் தாள்.

பணம்: வங்கி, கடன், காப்பீடு, வருமான வரி.

மருத்துவம்: இதையும் ஆளுக்கு ஓர் உறையாகப் பிரியுங்கள், புதிய அறிக்கை மேலே இருக்கட்டும். முதல் பக்கமாக ஒரு தாளில் இரத்த வகை, ஒவ்வாமை, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதி வையுங்கள். அவசரத்தில் மருத்துவர் முதலில் கேட்பவை இவைதான்.

பொருள்கள்: வாங்கிய பில், உத்தரவாத அட்டை, இயந்திரத்தின் தொடர் எண்.

இரண்டாம் மாலை, ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்யுங்கள். போனிலேயே செய்யலாம். ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவு போதுமான தெளிவு தரும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் முதலில் எழுதுங்கள்: ‘2025-03-14 வாடகை ஒப்பந்தம்’ என்பதுபோல. நாளை முதலில் எழுதினால் எல்லா வருடங்களும் கலந்து நிற்கும். இப்படி எழுதினால் கணினி தானே காலவரிசைப்படி அடுக்கிக் கொடுத்துவிடும்.

சேமிப்பதற்குக் கணினிக்காரர்கள் சொல்லும் 3-2-1 விதி வீட்டுக்கும் பொருந்தும்: மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. போனில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கடவுச்சொல் போட்ட கிளவுடில் (இணையச் சேமிப்பிடத்தில்) ஒன்று என்று வைத்தால் கணக்குச் சரியாகிவிடும். அடையாள அட்டைப் படங்களை அரட்டைச் செயலிகளில் அனுப்பிவிட்டு அப்படியே விட்டுவைக்காதீர்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

மூன்றாம் மாலை, ஒரே ஒரு பட்டியல் எழுதுங்கள். ஆவணத்தின் பெயர், யாருடையது, எந்த உறையில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது. இந்தப் பட்டியல் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். உங்களைத் தவிர இன்னொருவராவது அந்த ஃபைலைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். ‘இருக்கிறது’ என்று சொல்லிவைத்தால் மட்டும் போதாது. அவர் கையாலேயே ஒரு தாளை எடுத்துத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

நான் சிக்கிய பள்ளங்கள் சில:

பில் வெளுத்துப்போவது. துணி துவைக்கும் இயந்திரம் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே நின்றுபோனது. பில்லைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் அது வெறும் வெள்ளைத் தாள். கடைகளில் தரும் வழவழப்பான ரசீதுகள் வெப்பத்தால் அச்சிடப்படுபவை. சூடு, வெளிச்சம் பட்டால் எழுத்து மங்கும், சில வகை பிளாஸ்டிக் உறைகளில் வைத்தாலும் மங்கும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள், தாளைக் காகித உறையில் வையுங்கள்.

லேமினேட் செய்வது. மூலச் சான்றிதழ்களைப் பாதுகாப்பதாக நினைத்து லேமினேட் செய்யாதீர்கள். அதில் பிறகு முத்திரை குத்த முடியாது, தாளையும் முத்திரையையும் தொட்டுச் சரிபார்க்க முடியாது, பிரிக்கப் போனால் கிழியும். சில அலுவலகங்கள் அப்படிப்பட்ட சான்றிதழை ஏற்பதே இல்லை. ஸ்டேபிள் பின்னும் வேண்டாம், ஈரக்காற்றில் துரு ஏறி எழுத்தைத் தின்றுவிடும்.

பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியை நம்புவது. பல நாடுகள் உள்ளே நுழைய, பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அதனால் அதில் இருக்கும் கடைசித் தேதிக்கு ஒன்பது மாதம் முன்பாகவே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அவசரப்பட்டுக் கிழிப்பது. வரித் தாள்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டுக் கிழியுங்கள். கிழிக்கும்போது கணக்கு எண் இருக்கும் பகுதியைத் துண்டு துண்டாக்குங்கள்.

ஃபைலைத் தரையோடு ஒட்டிய அலமாரித் தட்டில் வைக்காதீர்கள். தண்ணீர் முதலில் அங்கேதான் வரும்.

4. இரவு 15 நிமிடம்

ஒரு நாளில் ஒரு பழக்கம்தான் முடியும் என்றால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க முதுகு ஒடியச் சுத்தம் செய்வதைவிட, தினமும் இரவு கால் மணி நேரம் மேல். ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம் புதன்கிழமைக்குள் கலைந்துவிடுவதைப் பல வருடம் பார்த்துவிட்டேன்.

போனில் 15 நிமிட மணி வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத் தொட்டி காலியாக வேண்டும். சமையல் மேடையைத் துடைக்க வேண்டும். மேசை மேலும் தரை மேலும் கிடப்பவை தத்தம் இடத்துக்குப் போக வேண்டும். நாளைக்கு வேண்டியவை வாசல் தட்டுக்கு வர வேண்டும். போன் சார்ஜில். மணி அடித்ததும் நிறுத்திவிடுங்கள், வேலை மிச்சம் இருந்தாலும் சரி. நிறுத்துவது முக்கியம். ‘கால் மணி நேரம்தான்’ என்ற வாக்கை நாம் காப்பாற்றினால்தான் மறுநாள் உடம்பு ஒத்துழைக்கும்.

தொட்டி காலியாக இருப்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. காலையில் காலித் தொட்டியைப் பார்ப்பவர் தன் குவளையைக் கழுவி வைப்பார். ஏற்கெனவே நாலு பாத்திரம் கிடந்தால் ஐந்தாவதாகப் போட்டுவிட்டுப் போவார். யாரிடமும் எதுவும் சொல்லாமலே இது நடந்தது.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வதை நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு அது பெரிய ஆறுதல். 22-ஆம் நாளும் அலுப்பாக இருந்தால் உங்களிடம் குறை என்று எண்ணாதீர்கள், மறுநாள் தொடருங்கள்.

இன்னொன்று. புதுப் பழக்கத்தை ஏற்கெனவே தினமும் செய்யும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து எழுந்ததும் என்று வைத்துக்கொண்டால் நிற்கும். ‘ஒன்பது மணிக்கு’ என்று கடிகாரத்தை நம்பியபோது எனக்கு நிற்கவில்லை.

5. சமையலறையும் ஃபிரிட்ஜும்

ஃபிரிட்ஜின் உள்ளே 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், ஃப்ரீசர் மைனஸ் 18. ஒரு சிறிய வெப்பமானி வைத்துப் பாருங்கள், திருகில் இருக்கும் எண் வெப்பநிலையைச் சொல்லாது. சமைத்ததை 2 மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்க வேண்டாம். அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். மிச்சத்தை மூன்று நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தோடு அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும், ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து வையுங்கள்.

திறந்த பாட்டில், டப்பா எல்லாவற்றின் மேலும் ஒட்டுத்தாளில் திறந்த தேதி எழுதுங்கள். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னுக்கு இழுங்கள். வாங்கப் போகும் முன் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் ஏற்கெனவே இருப்பதை இன்னொரு முறை வாங்க மாட்டீர்கள். தீரும் பொருளை, தீர்த்தவரே சமையலறைப் பட்டியலில் எழுத வேண்டும். இந்த ஒரு விதிக்கு எங்கள் வீட்டில் இரண்டு மாதம் பிடித்தது.

சுத்தம் செய்யும் திரவங்களில் ஓர் எச்சரிக்கை. குளோரின் ப்ளீச்சோடு வினிகரையோ, அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும். இரண்டு திரவம் சேர்த்தால் நன்றாக வெளுக்கும் என்று நினைத்துச் செய்துவிடுபவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

6. துணி

தினமும் ஒரு சுமை, அல்லது வாரத்தில் குறித்த இரண்டு நாள், எது வசதியோ அது. ஆனால் துவைத்த துணி மடிந்து அலமாரிக்குப் போகும்வரை அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு வைக்காதீர்கள். மடிக்க நேரமில்லாத நாளில் துவைக்காமல் இருப்பது மேல். முன்பக்கம் திறக்கும் இயந்திரமாக இருந்தால் துவைத்து முடித்ததும் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் ரப்பரில் பூஞ்சை வரும்.

7. கழித்தல்

இந்த வேலையை இரண்டாம் மாதத்துக்குமுன் தொடங்க வேண்டாம். முதல் வாரமே தொடங்குபவர்கள் உணர்ச்சியில் நல்ல பொருளையும் தூக்கிப்போட்டுவிட்டு, அப்புறம் வருந்துகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஓர் இழுப்பறை, 20 நிமிடம். முடிவெடுக்க முடியாதவற்றை ஒரு பையில் போட்டு வெளியே தேதி எழுதுங்கள். ஆறு மாதம் யாரும் அந்தப் பையைத் தேடவில்லை என்றால் கொடுத்துவிடலாம்.

மற்றவர்களுடைய பொருளை அவர்கள் இல்லாதபோது கழிக்காதீர்கள். நான் ஒரு முறை செய்தேன். உடைந்த பொம்மை என்று நினைத்தது என் மகளுக்கு அப்படி இல்லை. அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறப் பல மாதம் ஆனது.

பழைய பேட்டரி, காலாவதியான மருந்து இரண்டையும் சாதாரணக் குப்பையில் போடாமல், அவற்றுக்கென்று உள்ள சேகரிப்பு இடத்தில் சேருங்கள். பயன்படுத்தாத ரிமோட்டுக்குள் பேட்டரியை விட்டுவைத்தால் கசிந்து ரிமோட்டும் போய்விடும்.

8. பணம் கட்டும் தேதிகள்

எல்லாருக்கும் தெரியும் இடத்தில் ஒரே நாட்காட்டி இருக்கட்டும். மாதாந்தரக் கட்டணங்களின் கடைசித் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் குறியுங்கள். கடைசி நாளில் இணையம் படுத்துவிட்டால் அபராதம் நமக்குத்தான். தானியங்கிக் கட்டணம் வைத்திருந்தாலும் மாதம் ஒரு முறை வங்கிக் கணக்கை வரிவரியாகப் பாருங்கள். நாங்கள் பார்க்காமல் விட்டதில் யாருமே பயன்படுத்தாத ஒரு சந்தா பதினாலு மாதம் போய்க்கொண்டிருந்தது. இலவசச் சோதனைக்குச் சேரும் அன்றே, முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

மின்சாரத்திலும் இப்படி ஓட்டை உண்டு. அணைத்த பிறகும் 10 வாட் இழுக்கும் ஒரு கருவி ஆண்டு முழுக்கச் செருகியே இருந்தால் ஏறக்குறைய 88 யூனிட் ஆகிறது. அதன் சுவிட்ச் வாசல் தட்டுக்குப் போகும் வழியில் இருந்தால் அணைக்க மறக்காது.

9. மாதம் ஒரு முறை, ஆண்டுக்கு ஒரு முறை

மாதத்தின் முதல் சனிக்கிழமை 30 நிமிடம்: புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். குளிரூட்டி வடிகட்டியையும் துவைக்கும் இயந்திரத்தின் பஞ்சு வடிகட்டியையும் கழுவ வேண்டும். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மருந்துகள் குளியலறையில் இருந்தால் வெளியே எடுங்கள், ஈரமும் சூடும் அவற்றைக் கெடுக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறை ஆவணப் பட்டியலைப் புதுப்பியுங்கள், காப்பீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், தீயணைப்பான் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். புகை எச்சரிக்கைக் கருவியின் பின்னால் தயாரிப்புத் தேதி இருக்கும், 10 ஆண்டு ஆனால் கருவியையே மாற்ற வேண்டும்.

10. வீட்டைவிட்டு இரண்டு நாள் போய்ப் பாருங்கள்

மூன்று மாதம் முடிந்ததும் இதைச் செய்யுங்கள். வீட்டு வேலைகளை அதிகம் சுமப்பவர் இரண்டு நாள் வெளியூர் போகட்டும். போகும் முன் எந்த அறிவுரையும் சொல்லக் கூடாது, எதையும் எழுதி ஒட்டக் கூடாது. ‘எங்கே இருக்கு?’ என்று எத்தனை போன் வருகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு போனும் இன்னும் இடம் கிடைக்காத ஒரு பொருளைக் காட்டுகிறது. கேட்டவர்மேல் எரிந்து விழாமல், திரும்பி வந்ததும் அவரோடு சேர்ந்தே அதற்கு இடம் பாருங்கள். அவர் தேர்ந்த இடத்தில் இருந்தால்தான் அவர் திரும்ப அங்கேயே வைப்பார்.

முதல் முறை நான் போனபோது பதினோரு போன் வந்தது. போன மாதம் இரண்டு. ஒன்று நலம் விசாரிக்க. இன்னொன்று மறுபடியும் கத்தரிக்கோல்தான். என் மகளே அடுப்புப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டிவைத்திருக்கிறாள்.